கடல் கடந்து வந்த தாய்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மாலை வேளையில் நடந்து செல்பவர்கள், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து "தையா தை" என்னும் சொற்கட்டையும் தட்டுக்கழியின் ஓசையையும் கேட்டிருப்பார்கள். பெண் குழந்தைக்குப் பரத நாட்டியம் கற்பிப்பது இன்று நம் குடும்பங்களில் சாதாரண வழக்கமாகி விட்டது. அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகளும், தங்கள் குழந்தை தாய்நாட்டை மறந்துவிடலாகாது என்று கவலையுற்று, முதன் முதலில் தேடுவது ஒரு நாட்டிய வகுப்பைத்தான். ஆனால் இவ்வழக்கம் தோன்றுவதற்கு முன்பே, எதிர்த் திசையில் கடல் கடந்து வந்து, சென்னையில் ஒரு பெண் மகவை ஈன்று, மயிலையில் சிஷ்யையாக அமர்ந்த ஓர் அமெரிக்க மாதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவருடைய இயற்பெயர் எஸ்தர் ஷெர்மன். 1893-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாகாணத்தில் பிறந்தவர். மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றிருந்த ராம்லால் பாஜ்பாய் என்னும் இந்தியரை மணந்து, ஹிந்து மதத்தைத் தழுவி, ராகினி தேவி என்று பெயர் பூண்டார்.

அந்நாளில் இத்தகைய விவாகம் எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நியனை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையை இழந்தாள். 1922-ல் சட்டம் திருத்தப்பட்டது; ஆயினும், அமெரிக்கப் பிரஜையாவதற்குத் தகுதியற்றவன் என்று கருதப்பட்டவனை மணந்தவளுக்கு அத்திருத்தம் பயன்படவில்லை. 1923-ல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்களுக்கு அத்தகுதி இல்லையென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து விட்டது. இந்தியரை மணப்பதென்றால், பிறந்த நாட்டையே பணயம் வைப்பது என்று பொருள். 1931-ல்தான் மனைவியருக்கு இந்த அநீதி நீங்கிற்று. இந்தியர்கள் பிரஜையாகும் வழியோ 1946-ல்தான் திறந்தது.

ராகினி தேவி இந்தியாவைக் கண்ணால் காணும் முன்னரே அமெரிக்க மேடைகளில் இந்திய நடனம் ஆடினார். தாம் காஷ்மீரத்தில் பிறந்தவரென்றும் கூறிக்கொண்டார். 1928-ல் ஹிந்து நடனத்தைப் பற்றி 'நிருத்தாஞ்சலி' என்ற நூலையும் வெளியிட்டார். இவற்றோடு அவர் நின்றிருந்தால், வேஷம் போட்டவர் என்றே நாம் அவரை மறந்திருப்போம். ஆனால், தாம் எழுதிய பொருளைத் தாமே கற்க வேண்டும் என்னும் தாகம் அவருக்கு இருந்தது. 1930-ல், முப்பத்தேழாவது வயதில், கர்ப்பவதியாக இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி சென்னையில் இந்திராணி பிறந்தாள்.

அக்காலத்துச் சென்னையில் சதிர் என்ற சொல்லே பலருக்குக் கூச்சத்தை அளித்தது. கௌரவமான குடும்பத்துப் பெண் அதைக் கற்பதாவது என்று கேட்ட காலம் அது. 1932-ன் இறுதியில், இந்த ஆட்டம் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யருக்கும் பத்திரிகையில் பெரும் வாதம் நடந்தது. அடையாற்றில் கலாக்ஷேத்திரம் தோன்றியது 1936-ல்தான். இத்தகைய நாட்களில் ராகினி தேவி யாரிடம் சென்றார்? மைசூரில் ஜட்டி தாயம்மாளிடம் பாடம் கேட்டார். பிறகு கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த தேவதாசி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றார். நம் ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்ட வாசலில், கைக்குழந்தைக்காரியான அந்நியப் பெண் குருபக்தியுடன் நின்றாள்! அதன் பின் மலையாள நாடு சென்று கதகளியையும் கற்றார்.

இது குறையே இல்லாத கதை என்று நாம் சொல்ல வரவில்லை. கணவர் அமெரிக்காவில்; மனைவியும் குழந்தையும் இந்தியாவில். குழந்தையின் இளம் பருவம் ஊருக்கு ஊர், மேடைக்கு மேடையாகக் கழிந்தது. ஒன்பதாவது வயதில் தாயின் குழுவிலேயே ஆடத் தொடங்கிய இந்திராணி, 1945-ல், பதினைந்து வயதில், அமெரிக்காவில் படித்த ஹபீப் ரஹ்மான் என்னும் கட்டடக் கலைஞரை மணந்துகொண்டாள். பள்ளிக்கூட வாத்தியாராகிய நமக்கு இதைப் படிக்கையில் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. ஒரு குழந்தைக்கு நிலையான வீடும் வகுப்பும் சிநேகிதர்களும் எவ்வளவு அவசியமென்று தினமும் கண்டு வருகிறோம் அல்லவா?

ஆயினும் அந்தத் தாய் மகளுக்கு ஒரு சொத்தை வைத்தே சென்றார். இந்திராணி பந்தநல்லூர் பாணியைச் சொக்கலிங்கம் பிள்ளையிடம் கற்றார். அதோடு திருப்தியடையாமல் ஒரிஸ்ஸாவுக்குச் சென்று, வெளியுலகம் அதிகம் அறியாத ஒடிஸி நடனத்தைத் தேவபிரசாத் தாஸிடம் பயின்று, உலக மேடைகளில் ஏற்றினார். 1969-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாய் எப்படித் தனக்கு உரியதல்லாத ஒன்றைத் தேடிச் சென்று அடக்கத்துடன் கற்றாரோ, அப்படியே மகளும் செய்தார். பேத்தி சுகன்யாவும் நடனமணியானார். மூன்று தலைமுறையின் சரித்திரத்தையும் அவரே நூலாக எழுதினார். ராகினி தேவி 1982-ல் அமெரிக்காவில் காலமானார்.

கோடை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவிகள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸார், குழந்தைக்குத் தமிழ் வரவில்லையே, என்ன செய்வது?" தியாகராய நகரில் புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்; வகுப்பில் சேர்க்கிறார்கள்; பாட்டியை ஆறு மாதம் வரவழைக்கிறார்கள். நாம் பதிலுக்கு அவர்களை ஒன்று கேட்பது வழக்கம்: "நீ கடைசியாக ஒரு தமிழ்ப் புத்தகம் படித்தது எப்போது, அம்மா?" பெரும்பாலும் பதில் வருவதில்லை.

குழந்தை தான் காண்பதையே கற்கிறது. தாய் ஒன்றை ஆசையோடு பயில்வதைக் கண்ட குழந்தைக்கு, வீடு எத்தேசத்தில் இருந்தாலும் அந்த வித்தை அந்நியமாவதில்லை. ராகினி தேவிக்குப் பரதம் பிறப்புரிமை அன்று. கௌரி அம்மாளின் முன் அமர்ந்து, நடுத்தர வயதில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தே அவர் அதைத் தமதாக்கிக்கொண்டார். நமக்குத் தமிழ் பிறப்புரிமையாகவே கிடைத்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதைக் கற்க வேண்டியது குழந்தைகளின் பாடு என்று விட்டுவிடுகிறோம். அயல்நாட்டில் குடும்பம் நடத்தும் நம் சகோதரிகள் இன்றிரவு குழந்தையின் பக்கத்தில் தாங்களும் ஒரு தமிழ்ப் புத்தகத்துடன் உட்காருவார்களாக.