அடிக்குமுன் ஒரு நிமிஷம்!



அண்மையில் ஒரு தோட்டத்தில் மாதர் கூட்டம் முடிந்து, ஒரு லயத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது காம்பராச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி வந்து நின்றது. "ஐயோ, புள்ள படுக்கிற எடம்!" என்று வீட்டுக்கார அக்கா விளக்குமாற்றை ஓங்கிவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. அது வயித்துக்குக் கீழ என்னா வச்சிருக்குன்னு பாருங்க" என்றோம்.

அக்கா கிட்டப் போய்ப் பார்த்தார். காசு மாதிரி வட்டமான, தட்டையான வெள்ளைப் பை ஒன்றை அது அணைத்துக்கொண்டிருந்தது. முட்டைப் பை. "அட, புள்ளத்தாச்சியா இது!" என்று சிரித்தார். விளக்குமாறு கீழே இறங்கியது.

ஆனால் அதே அக்கா அடுத்துக் கேட்ட கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. "எட்டுக்கால் பூச்சிய விட்டுருவோம். மலையில குளவி வந்தா என்னா பண்றது? எங்க நாத்தனார் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கெடந்துதான் பொழைச்சிச்சு."

இந்த இரண்டு விஷயத்துக்கும் பதில் ஒன்றுதான் என்று நாங்கள் நினைக்கின்றோம். எந்த உயிர் என்ன செய்யும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரிந்தால், விடவேண்டியதை விடுவோம், விலகவேண்டியதை விட்டு விலகுவோம், ஒழிக்கவேண்டியதை மட்டும் ஒழிப்போம்.

வீட்டுக்குள் இருக்கும் வேலைக்காரர்கள்

அந்தப் பெரிய எட்டுக்கால் பூச்சி வலை கட்டாது. இரவில் சுவர் சுவராக ஓடிக் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். நாம் பிடித்து நசுக்கினால் ஒழிய கடிக்காது. கடித்தாலும் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். கரப்பான் அப்படியல்ல. கக்கூசில் ஓடிய காலோடு குசினிக்குள் வந்து ரொட்டியில் ஏறும். எதை விடுவது, எதை விரட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

மலைநாட்டில் இன்னொரு சிலந்தியும் உண்டு. பழைய மரப் பொந்துகளில் வாழும், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய புலிமுகச் சிலந்தி. எப்போதாவது பழைய கட்டடங்களுக்குள்ளும் வந்துவிடும். இது கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும். ஆகவே கையால் தொடக்கூடாது. அகலமான வாளி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, அடியில் ஒரு மட்டையைச் செருகி, மரங்கள் உள்ள பக்கமாகக் கொண்டுபோய் விடலாம். கடித்துவிட்டால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நாம், பல்லி விழுந்த பாலைக் கண்டால் விஷம் என்று பயப்படுகின்றோம். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் வயிற்றோட்டத்தைத் தரும் கிருமி இருக்கலாம். ஆகையால் செய்யவேண்டியது சாப்பாட்டை மூடிவைப்பது. பல்லியைக் கொன்றால் அது தின்றிருக்கவேண்டிய பூச்சிகள்தான் வீட்டில் மிஞ்சும்.

லயத்துச் சுவரில் மண்ணால் கூடு கட்டும் ஒற்றைக் குளவியைப் பார்த்திருப்பீர்கள். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் நடப்பது வேறு. அந்தக் குளவி புழுவைக் கொட்டி, சாகாமலும் அசையாமலும் செய்து, கூட்டுக்குள் வைத்து முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழு அதைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. சில வகைகள் புழுவுக்குப் பதிலாகச் சிலந்தியைக் கொண்டுவந்து அடைக்கும். இந்த மண்கூட்டுக் குளவி கூட்டமாக வந்து தாக்குவதில்லை. கையால் பிடிக்காவிட்டால் நம்மைக் கொட்டாது.

தேயிலையைக் காப்பாற்றிய குளவி

இதே மாதிரியான ஒரு சின்னக் குளவிக்கு நம் தேயிலை கடன்பட்டிருக்கிறது. கொழுந்து இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி, உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு உண்டு. டோட்ரிக்ஸ் என்பார்கள். ஒரு காலத்தில் இந்தப் புழு மலை மலையாகக் கொழுந்தை அழித்தது. 1935 - 36இல் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். மனிதரை அது ஒன்றும் செய்யாது. அதன் பிறகு அந்தப் புழு பல காலம் அடங்கிக் கிடந்தது.

1950களில் என்ன நடந்தது தெரியுமா? தேயிலைக் கம்பைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து வண்டோடு நிற்கவில்லை. நமக்கு வேலை செய்துகொண்டிருந்த சின்னக் குளவியையும் கொன்றது. தடுக்க ஆளில்லாமல் போகவே, அடங்கியிருந்த டோட்ரிக்ஸ் புழு மறுபடி பெருகியது.

பெரிய மலையில் நடந்தது நம் வீட்டுத் தோட்டத்திலும் நடக்கும். கண்டதற்கெல்லாம் மருந்தடித்தால் முதலில் சாவது நம் பக்கத்து வேலைக்காரர்கள்தான். பூசணியும் சௌசௌவும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறாகப் பூப்பவை. தேனீ போன்ற பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். மருந்து அடித்தே ஆகவேண்டுமானால் பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் அடிக்காதீர்கள். மலைக்கு அடிக்கும் மருந்தை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மருந்து வந்த கேனில் தண்ணீர் பிடிப்பதும் வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது விஷக் கேன்தான்.

மலையில் கூட்டமாக வரும் குளவி

இனி அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். நாம் "குளவி" என்று ஒரே பெயரில் சொல்வது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று மலைத்தேனீ. உயரமான டர்பன்டைன் மரக் கிளையிலும், பாறைச் சரிவிலும், தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் ஒரே பெரிய அடையாகத் திறந்தவெளியில் தொங்கும். ஒரு அடையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மற்றது உண்மையான குளவி. கடதாசி போன்ற கூட்டை மரத்திலோ, மண் பொந்திலோ, சில நேரம் தேயிலைச் செடிக்குள்ளேயோ கட்டும்.

இரண்டுமே நம்மைத் தேடி வந்து கொட்டுவதில்லை. கூட்டைக் காப்பாற்றவே கொட்டுகின்றன. பிள்ளைகள் எறிந்த கல், யாரோ மூட்டிய புகை, கூட்டைக் கொத்த வந்த பருந்து, காற்றில் முறிந்த கிளை, தெரியாமல் செடிக்குள் விட்ட கை, இவைதான் காரணம். கல் எறிந்தவர் ஓடிவிடுவார். அடிபடுவது கீழே நிரையில் நிற்கும் பெண்கள்.

ஆகையால் முதல் பாதுகாப்பு கூடு எங்கே என்று எல்லோருக்கும் தெரிவது. கண்டவர் அன்றைக்கே கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லச் சொல்லுங்கள். தூரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அந்தப் பக்கத்து நிரையில் ஆள் இறக்க வேண்டாம் என்று கேட்பது உங்கள் உரிமை. அது வேலைக்குச் சாக்குச் சொல்வதாகாது. செடிக்குள் கை வைக்குமுன் மட்டக்கம்பால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பூச்சி போவதும் வருவதுமாக இருந்தால் பின்வாங்குங்கள். கூட்டை நீங்களே எரிக்கப் போகாதீர்கள். பழகியவர்கள் உரிய உடுப்போடு செய்யவேண்டிய வேலை அது.

கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுங்கள். கொழுந்து போனால் போகட்டும். படங்கால் அல்லது சாக்கால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, மூச்சு விடவும் வழி பார்க்கவும் இடம் விட்டு, கதவுள்ள கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ நேராகப் போங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாசம் மற்றத் தேனீக்களை அந்த இடத்துக்குக் கூப்பிடும். தண்ணீருக்குள் குதிப்பதும் வேண்டாம். தலையைத் தூக்கும்வரை அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

தப்பி வந்த பிறகு தோலைப் பாருங்கள். மலைத்தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம். உண்மையான குளவி கொடுக்கை விடுவதில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று பூசி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

உதடு, நாக்கு, முகம் வீங்குதல், மூச்சு இழுத்தல், உடம்பெல்லாம் தடித்தல், வாந்தி, தலைச்சுற்று, மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரே ஒரு கொட்டுக்கூட உயிருக்கு ஆபத்து. உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காசு கிடையாது. அது வரத் தாமதமானால் தோட்டத்து லொறியாவது எடுக்கவேண்டும். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவையுங்கள். எழுப்பி நடக்கவிடாதீர்கள். வைத்தியசாலையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இதற்கு மருந்து.

நிறையக் கொட்டு வாங்கியவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று லயத்தில் படுத்துவிடக் கூடாது. குளவி விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அது தெரிய ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலோ, குறைந்தாலோ ஓடுங்கள் வைத்தியசாலைக்கு. முன்பு ஒருமுறை கொட்டி மூச்சு முட்டியவர்கள் அதைத் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் கங்காணியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எதை ஒழிப்பது?

லயத்தில் ஒழிக்கவேண்டிய எதிரி நுளம்பு. டெங்குவைப் பரப்பும் நுளம்பு ஓடையில் முட்டையிடுவதில்லை. யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி இவற்றில் தேங்கும் தண்ணீர் போதும். ஓடையிலும் குட்டையிலும் தும்பிக் குஞ்சுகள் நுளம்புப் புழுவைத் தின்னும். சிரட்டைக்குள் தும்பி வராது. அங்கே நாம்தான் தும்பியின் வேலையைச் செய்யவேண்டும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

குப்பை குறைந்தால் எலியும் குறையும். எலி குறைந்தால் எலிக்காய்ச்சல் குறையும், எலியைத் தேடிப் பாம்பு வருவதும் குறையும். விறகைச் சுவரோடு சாய்க்காமல் தள்ளி அடுக்குங்கள். இருட்டில் டோர்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கானுக்குள் சாரைப்பாம்பு போனால் அதன் வழியில் விட்டுவிடுங்கள். அதுவும் எலி பிடிக்கத்தான் போகிறது.

அந்த அக்கா கடைசியில் சொன்னதையே நாங்களும் சொல்லி முடிக்கின்றோம். "அதுங்க வேலைய அதுங்க பாக்கட்டும், நம்ம வேலைய நாம பாப்போம்." நம்முடைய வேலை, இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும், மலையில் கூடு எங்கே என்று திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில் வாய்விட்டுச் சொல்வதும்தான்.