பங்களா நாயின் பின்னங்கால்

நானுஓயாவின் தோட்டப் பங்களாக்களில் அல்சேஷன் நாயின் பின்னங்கால் தளர்ந்தால், மலைக்குளிரைப் பழிப்போரைக் கண்டிருக்கிறேன். குளிர் வலியை மிகுவிக்கலாம். மூலமோ பரம்பரையில் உள்ளது. இடுப்புக்குழியில் தொடையெலும்பின் தலை செவ்வனே பொருந்தாமை அவ்வினத்தில் வழிவழியாகத் தொடரும் குறை. குட்டியை மிகையாகக் கொழுக்கவைத்தால் அது முற்றும். மனிதன் தான் விரும்பிய உருவத்துக்காகச் சிறு வட்டத்துக்குள்ளேயே இணைசேர்த்ததால் உயர்சாதி நாய்கள் பலவும் இவ்வாறு துன்புறுகின்றன.

இதற்குப் பரிகாரம் உண்டு. 1973-ல் அமெரிக்க மரபியலறிஞர் ராபர்ட் ஷைபிள் டால்மேஷனைப் பாயிண்டருடன் ஒருமுறை கலந்து தொடங்கிய வழியில், சிறுநீர்க்கல்லுக்கு ஏதுவான குறை நீங்கிற்று. நம்மால் அவ்வளவு இயலாவிடினும், குட்டி வாங்குமுன் தாய்தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்கலாம். குறையுள்ளதை இணைசேர்க்காமல் விடலாம். லயத்து நாய் ஓடியேறும் படிகளில் பங்களா நாயும் வலியின்றி ஏற வேண்டாமா, அன்பர்களே?