வாய்ப் புற்றுநோய்: சிகிச்சையைப் பாதியில் நிறுத்தலாமா?



வெற்றிலை வட்டா இல்லாத வீடு நம்மிடையே குறைவு. "நான் புகையிலை சேர்ப்பதில்லையே" என்பார் உம்மம்மா. ஆனால் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே.

நோய் முற்றிய நிலையில் வைத்தியர்கள் பெரும்பாலும் முதலில் கட்டியை வெட்டி அகற்றுவார்கள். வெட்டிய ஓரத்தில் நோய் எஞ்சியிருந்தால், அல்லது கழுத்து நெறியின் உறையைத் தாண்டி நோய் பரவியிருந்தால், கதிர்ச் சிகிச்சையோடு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதன் பயனை 2004இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. சத்திரசிகிச்சை செய்ய முடியாத சிலருக்கும் இம்முறை உண்டு.

ஏன் இரண்டும் ஒன்றாக?

கதிர், புற்றுநோய்க் கலங்களின் உட்கருவைச் சிதைக்கிறது. அக்கலங்களோ சேதத்தைத் தாமே பழுதுபார்க்க முயலும். 'சிஸ்பிளட்டின்' என்ற மருந்து அதைத் தடுக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயாளரை ஆராய்ந்ததில், கதிர் மட்டும் பெற்றவர்களைவிட இரண்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேரளவில் கூடுதலாக 5 ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தனர். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் இம்மருந்து பொருந்தாமல் போகலாம். அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

கதிர் வாரத்தில் 5 நாட்கள், 6 அல்லது 7 வாரங்கள் நடக்கும். மருந்து வாரம் ஒருமுறையோ, மூன்று வாரங்களுக்கு ஒருமுறையோ சேலைனுடன் ஏற்றப்படும்.

சோதனையான நாட்கள்

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் வெந்து புண்ணாகும். உமிழ்நீர் வற்றும். உணவு ருசிக்காது, வாந்தியும் வரும். "மருந்துதான் ஆளைக் கொல்கிறது, நிறுத்திவிடுவோம்" என்று குடும்பத்தார் சொல்வது இந்த நேரத்தில்தான். சகோதரிகளே, அந்தப் பேச்சுக்கு இடங்கொடுக்காதீர்கள்! நான்கு வாரமளவில், எஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. இடையில் நிறுத்தினால், பட்ட வேதனையின் பலன் கைநழுவிப் போகலாம். வேதனையை வைத்தியரிடம் சொல்லுங்கள். வலிக்கும் வாந்திக்கும் மருந்து உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை:

• கதிர் தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பழுதான பற்களை முன்பே அகற்ற வேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

• நோன்புக் கஞ்சியை உறைப்பில்லாமல், இளஞ்சூட்டில் கொடுங்கள். முட்டை, பால், மசித்த பருப்பும் நல்லவை. விழுங்க முடியாதபோது மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னால் அஞ்ச வேண்டாம், அது தற்காலிகமே.

• உப்பும் அப்பச்சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

• சிஸ்பிளட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், வைத்தியர் சொன்ன அளவு நீர் அருந்த வேண்டும். றமழானில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; வற்புறுத்தாதீர்கள்.

• காய்ச்சல் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். காதில் இரைச்சல் என்றாலும் சொல்லுங்கள்.

• வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரட் எதுவும் வேண்டாம்.

மஹரகம போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசம். ஆறு, ஏழு வாரம் தங்குமிடம், போக்குவரத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பாதியில் நின்றுபோவதற்கு இவையும் காரணமாகின்றன.

இன்றே வீட்டிலுள்ள பெரியவர்களின் வாயைப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், இத்தனை கஷ்டமும் தேவைப்படாமலே போகலாம்.