அரை விநாடியில் நின்ற ராக்கெட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரையும் பயமுறுத்துவது எர்ரர் மெசேஜ்தான். ஏதோ ஒரு வேலையைச் செய்து கொண்டிருப்பார்கள். திடீரென்று திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். 'இந்த வேலையைத் தொடர முடியாது' என்று சொல்லும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பதறி, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே ஓகே பட்டனைத் தட்டிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினால் அது தோல்வியா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒரு ராக்கெட்டிடம் இருக்கிறது. 2012-ம் ஆண்டு மே 19-ம் தேதி அதிகாலை, அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்தில் உள்ள கேப் கனாவரல் ஏவுதளத்தில் பால்கன் 9 ராக்கெட் தயாராக நின்றது. கவுண்ட்டவுன் முடியப் போகிறது. ஒன்பது என்ஜின்களும் பற்றிக்கொண்டன. கிளம்ப அரை விநாடி இருக்கும்போது ராக்கெட்டின் கம்ப்யூட்டர் எல்லா என்ஜின்களையும் நிறுத்திவிட்டது. எந்த மனிதரும் பட்டனை அழுத்தவில்லை. முடிவு கம்ப்யூட்டருடையது.

தனியார் சரக்கு வண்டி

முதலில் இந்த ராக்கெட் எதற்காக அங்கே நின்றது என்று பார்ப்போம். சர்வதேச விண்வெளி நிலையம் நமக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம்தான். அதில் வசிப்பவர்களுக்கு உணவு, உடை, கருவிகள் எல்லாம் கீழே இருந்துதான் போக வேண்டும். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலங்கள் 2011 ஜூலையோடு ஓய்வு பெற்றுவிட்டன. சரக்கு கொண்டு செல்லும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்க நாசா அதற்கு முன்பே முடிவு செய்திருந்தது. 2008 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனிக்கு 12 பயணங்களுக்காக 160 கோடி டாலருக்கும், ஆர்பிட்டல் சயின்சஸ் கம்பெனிக்கு 8 பயணங்களுக்காக 190 கோடி டாலருக்கும் ஒப்பந்தம் கொடுத்தது.

ஆனால் ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்பதற்காக நேரே போய் நிலையத்தின் கதவைத் தட்ட முடியாது. அந்த மே மாதத்தில் நிலையத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஆளில்லாத ஒரு விண்கலம் தவறான வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும்? எனவே முதலில் சோதனைப் பயணம். ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலம் நிலையத்தை நெருங்கிக் காட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் இணைப்பு.

மேஜை மேல் ஒரு விண்வெளிப் பயணம்

இந்தப் பயணம் ஒரு கட்டத்தில் 2012 பிப்ரவரி 7-ம் தேதிக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. பிறகு ஏப்ரல் 30, மே 7 என்று தள்ளித் தள்ளிப் போனது. முக்கியக் காரணம் சாப்ட்வேர்! விண்கலத்தை ஓட்டும் புரோகிராம்களைச் சோதித்து முடிக்க அதிக நாட்கள் தேவைப்பட்டன.

ராக்கெட் சாப்ட்வேரை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு முறையும் விண்ணில் அனுப்பிப் பார்க்க முடியாதே! விண்கலத்தில் இருக்கும் அதே கம்ப்யூட்டர்களைத் தரையில் ஒரு சோதனைக்கூடத்தில் வரிசையாகப் பொருத்துகிறார்கள். சென்சார்களுக்குப் பதிலாக இன்னொரு கம்ப்யூட்டர் அவற்றுக்குத் தகவல் கொடுக்கிறது. 'இப்போது இவ்வளவு உயரம், இவ்வளவு வேகம், இந்த டேங்கில் இவ்வளவு அழுத்தம்' என்று பொய்யான எண்களை அனுப்பிக் கொண்டே இருக்கும். பயணம் செய்வதாக நம்பும் கம்ப்யூட்டர், வால்வைத் திற, என்ஜினை நிறுத்து என்று கட்டளைகள் போடும். அவை சரியா என்று பொறியாளர்கள் பார்ப்பார்கள்.

இதில் வேண்டுமென்றே தொல்லையும் கொடுப்பார்கள். பாதிப் பயணத்தில் ஒரு கம்ப்யூட்டரை ரீபூட் செய்துவிடுவார்கள். மற்றவை சமாளிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நல்லபடியாக ஓடும்போது சரியாக வேலை செய்வது பெரிய விஷயமல்ல. கோளாறு வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

டிராகனில் பறக்கும் வேலையைப் பார்க்கும் கம்ப்யூட்டர்கள் மூன்று. நம்மில் பலர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கும் லினக்ஸ்தான் அவற்றிலும் ஓடியது. மூன்றும் ஒரே கணக்கைப் போட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கொள்ளும். ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டும் பயணத்தைத் தொடரும். இது வீண் செலவல்ல என்று அதே 2012 அக்டோபரில் நடந்த முதல் ஒப்பந்தப் பயணத்தில் தெரிந்தது. டிராகன் நிலையத்தோடு இணைந்திருந்தபோது மூன்றில் ஒரு கம்ப்யூட்டர் மற்றவற்றிலிருந்து விலகிவிட்டது. விண்வெளிக் கதிர்வீச்சுதான் காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. மீதி இரண்டை வைத்தே பயணம் முடிந்தது.

எல்லைக் கோடு எங்கே?

ஏவுவதற்கு முன்பு இன்னொரு ஒத்திகை உண்டு. ராக்கெட்டைத் தளத்தில் இறுக்கிப் பிடித்துக் கொண்டு, எரிபொருள் நிரப்பி, என்ஜின்களை மட்டும் சில விநாடிகள் எரித்துப் பார்ப்பார்கள். 2012 ஏப்ரல் 30-ம் தேதி அந்த ஒத்திகை நடந்தது. 47 விநாடி பாக்கி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. தேடிப் பார்த்தால் ராக்கெட்டில் குறை எதுவும் இல்லை. புரோகிராமில் கொடுத்திருந்த ஓர் எல்லை, தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது. அதைச் சரி செய்து அன்றே மீண்டும் முயன்றார்கள். என்ஜின்கள் 2 விநாடி எரிந்தன.

ஏவுவதற்குத் தயாராவது என்பதில் பெரும் பகுதி இந்த எல்லைகளை முடிவு செய்வதுதான். ராக்கெட்டில் உள்ள ஒவ்வொரு சென்சாருக்கும் 'இதற்கு மேல் போகக் கூடாது, இதற்குக் கீழே இறங்கக் கூடாது' என்று எண்கள் உண்டு. இறுக்கமாக வைத்தால் நல்ல ராக்கெட்டும் கிளம்பாது. தளர்வாக வைத்தால் கெட்ட ராக்கெட்டும் கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பது மனிதர்கள். கடைசி விநாடியில் அதைப் பயன்படுத்துவது கம்ப்யூட்டர்.

மே 19: என்ன நடந்தது?

பால்கன் 9-ன் எரிபொருள் ஒரு வகைச் சுத்தமான மண்ணெண்ணெய். அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் திரவ வடிவில், மைனஸ் 183 டிகிரிக்கும் குறைவான குளிரில் இருக்கும். கடைசி 3 விநாடிகள் இருக்கும்போது என்ஜின்கள் பற்றிக்கொள்ளும். ஆனால் ராக்கெட் உடனே எழும்பாது. கீழே கொக்கிகள் பிடித்துக் கொண்டிருக்கும். அந்தச் சிறிய இடைவெளியில் ஒன்பது என்ஜின்களும் எப்படி ஓடுகின்றன என்று கம்ப்யூட்டர் பார்த்துவிடும்.

அன்று நடுவில் இருந்த 5-ம் எண் என்ஜினின் அழுத்தம் எல்லையைத் தாண்டியது. கம்ப்யூட்டர் அத்தனை என்ஜின்களையும் அணைத்தது. கோளாறுக்குக் காரணம் ஒரு வால்வு. உங்கள் வீட்டு மோட்டாரில் ஏற்றிய தண்ணீர் கீழே திரும்பாமல் தடுக்க ஒரு வால்வு இருக்கும் அல்லவா? அதுபோல ஒரு திசையில் மட்டும் போக விடும் வால்வு அது. அன்றே புதிய வால்வு மாட்டப்பட்டது. டி.வி.யில் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கொக்கி விட்ட பிறகு இதே கோளாறு பெரிதாகியிருந்தால், மாட்டுவதற்கு வால்வும் இருந்திருக்காது, ராக்கெட்டும் இருந்திருக்காது!

சரி, வால்வை மாற்றிவிட்டு அரை மணி நேரத்தில் மீண்டும் கிளம்பலாமே? முடியாது. விண்வெளி நிலையம் சுற்றும் பாதைக்கு நேராக ஏவுதளம் வரும் அந்த ஒரு கணத்தில் கிளம்ப வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பது போல நிலையம் நமக்காகக் காத்திருக்காது. பூமியும் சுழல்கிறது, நிலையத்தின் பாதையும் மெல்ல நகர்கிறது. அதனால் அந்தக் கணம் ஒவ்வொரு நாளும் 20 நிமிடங்களுக்கு மேல் முன்னால் வந்துவிடும். மே 19-ல் அது காலை 4.55 மணி. அடுத்த வாய்ப்பு மே 22, காலை 3.44 மணி. அன்று ராக்கெட் குறித்த நேரத்தில் கிளம்பியது.

மூன்று நாள் கழித்து, மே 25-ல், டிராகன் நிலையத்தை நெருங்கியது. தூரத்தை அளக்க அதில் லேசர் கருவி ஒன்று இருந்தது. நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து தேவையற்ற ஒளி பிரதிபலித்து அந்த அளவைக் குழப்பியது. டிராகன் சற்றுப் பின்வாங்கி நின்றது. தரையில் இருந்த பொறியாளர்கள் லேசரின் பார்வைப் பரப்பைக் குறுக்கினார்கள். மறுபடி நெருங்கியதும், நிலையத்தில் இருந்த டான் பெட்டிட் இயந்திரக் கையால் அதைப் பிடித்தார். ஒரு தனியார் விண்கலம் விண்வெளி நிலையத்தை அடைந்தது அதுவே முதல் முறை. கொண்டு போன சரக்கு சுமார் 460 கிலோ.

தேதி மாறினால் வாசலிலேயே நிற்க வேண்டும்

இரண்டாவது கம்பெனியான ஆர்பிட்டல் சயின்சஸின் கதை கம்ப்யூட்டர்காரர்களுக்கு இன்னும் பழக்கமானது. அதன் சிக்னஸ் விண்கலம் 2013 செப்டம்பர் 18-ம் தேதி வர்ஜீனியா மாநிலத்தின் வாலப்ஸ் தீவிலிருந்து கிளம்பியது. செப்டம்பர் 22-ல் நிலையத்தை நெருங்கியபோது, நிலையம் அனுப்பிய ஜி.பி.எஸ். தகவலை ஏற்காமல் நின்றுவிட்டது.

காரணம், தேதி! ஜி.பி.எஸ். முறையில் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணி வந்தார்கள். அதற்கு ஒதுக்கிய இடம் 10 பிட். எனவே 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் முழுவதும் ஓடி மீண்டும் பூஜ்யத்துக்கு வருவது போல, 1999 ஆகஸ்டில் அது மறுபடி பூஜ்யத்தில் தொடங்கியது. நிலையத்தில் இருந்த கருவி பழைய தொடக்கத்திலிருந்து எண்ணியது. சிக்னஸ் புதிய தொடக்கத்திலிருந்து எண்ணியது. இரண்டும் ஒத்துப் போகவில்லை. தரையில் திருத்தம் எழுதிச் சோதித்து மேலே அனுப்பினார்கள். இடையில் ஆட்களோடு ஒரு சோயுஸ் விண்கலம் வர வேண்டியிருந்ததால் அதற்கும் வழிவிட்டு, செப்டம்பர் 29-ல்தான் சிக்னஸ் இணைந்தது. புரியாத தகவல் வந்ததும் ஊகம் செய்து முன்னேறாமல் நின்றதே, அதுதான் சிக்னஸ் செய்த நல்ல காரியம்.

எழுதாத ஒரு கட்டளை

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. 2015 ஜூன் 28-ம் தேதி இன்னொரு பால்கன் 9, கிளம்பிய 139-வது விநாடியில் சிதறியது. மேல் அடுக்கின் டேங்குக்குள் ஒரு தாங்கி உடைந்ததே காரணம். அதன் உச்சியில் இருந்த டிராகன் சிதறலில் தப்பித்து, கடலை நோக்கி விழும்போதும் தகவல் அனுப்பிக் கொண்டிருந்தது. அதனிடம் பாராசூட்டுகள் இருந்தன. ஆனால் ஏவும் நேரத்தில் விபத்து நடந்தால் பாராசூட்டைத் திற என்ற கட்டளை சாப்ட்வேரில் இல்லை. ஏறத்தாழ 1,950 கிலோ சரக்கோடு அது கடலில் விழுந்து அழிந்தது. அடுத்த டிராகனிலிருந்து அந்தக் கட்டளை சேர்க்கப்பட்டது.

எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்ததை மட்டும்தான் செய்யும். எப்போது நிற்க வேண்டும், விழும்போது எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதியிருந்தால் அது காப்பாற்றும். இல்லையென்றால் பாராசூட் கையில் இருந்தும் பயனில்லை.

உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும். எர்ரர் மெசேஜ் வந்தால் முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால் அப்படியே தாளில் எழுதி வையுங்கள். பழுது பார்க்க வருபவருக்கு அந்த ஒரு வரி பாதி வேலையை மிச்சப்படுத்தும். கம்ப்யூட்டரின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறினால் பல வெப்சைட்டுகள் திறக்காது. முக்கியமான பைல்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். அந்தப் பிரதி திறக்கிறதா என்று ஒரு முறை சோதித்தும் பாருங்கள். இதையெல்லாம் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும். ராக்கெட்காரர்களும் கொக்கியை விடுவதற்கு முன்புதான் சரி பார்க்கிறார்கள்.