பேசாலை மணல் நிலமும் அதன் அடிநீரும்

பேசாலைத் தோட்டக் காணியில் ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தால், அது உருண்டையாக நிற்பதில்லை. கையை விரித்தவுடன் உதிர்ந்துவிடும். முருங்கன் வயலின் கரிய களிமண்ணோ அழுத்திய வடிவிலேயே நிற்கும். களிமண் வயலில் நெல் விளைவித்துப் பழகிய கமக்காரர், மணற்றோட்டத்திலும் அதே முறையில் நீரும் பசளையும் இடுவாராயின், இட்டவற்றில் பெரும்பகுதி பயிருக்குக் கிட்டாது. அது எங்கே போகின்றது என்பதே இங்கு அறியவேண்டியது.

மன்னார்த் தீவின் மணல் கடலலையாலும் காற்றாலும் குவிக்கப்பட்டது. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்தபோது எஞ்சிய படிகக்கற் துகள்களே இதில் மிகுதி. அத்துகள்கள் கடினமானவை, எத்தனை காலம் கிடந்தாலும் பயிருக்கு உணவு எதையும் விடுவதில்லை. இடையிடையே காணப்படும் கருமணற் கோடுகளும் பயிருக்கு உதவுவன அல்ல. 1961 ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்க ஆகிய இருவர் வெளியிட்ட இலங்கை மண் வகுப்பில், இத்தகைய கடற்கரை மணல்கள் றெகோசோல் என்னும் பிரிவில் வைக்கப்பட்டன. வரண்ட மலைச்சாரல்களில் மணற்கல் உதிர்ந்து உண்டாகும் மேய்ச்சல்நில மண்ணிலும் இவற்றின் குணங்கள் பலவற்றைக் காணலாம். பிறப்பு வேறாயினும் மணல் மணலே.

ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் உண்மை விளங்கும். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியிற் படிந்துவிடும். களி ஒரு நாள் சென்றாலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். பேசாலை மண்ணில் நீர் விரைவில் தெளிவதிலிருந்து, அதில் களி மிகக் குறைவென அறியலாம்.

களி குறைந்தால் இரு நட்டங்கள் உண்டாகின்றன. முதலாவது நீர். ஓரடி ஆழமான மணலில் பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீர் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் அளவே தங்கும். வெயிற்காலத்திற் பயிர் நாளொன்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் நீரைச் செலவிடுவதால், அந்த இருப்பு மூன்று, நான்கு நாட்களில் தீர்ந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்தி நிரம்ப இறைப்பது பயனற்றது. மிகுந்த நீர் வேரைக் கடந்து கீழிறங்கும். பயிர் வார முடிவில் வாடும். சிறுகச் சிறுக, அடிக்கடி இறைத்தலே தகும்.

இரண்டாவது பசளை. களித் துகள்கள் அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் தம்மீது பற்றி வைத்திருக்கும். மணலுக்கு அந்த ஆற்றல் மிகச் சிறிது. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறியபின் அதை எந்த மண்ணும் பற்றி வைப்பதில்லை. மணலிலோ அது அடுத்த இறைப்பிலேயே கீழிறங்கிவிடும். மாரிமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தப் பசளையையும் ஒரே தடவையில் இடுவது பணத்தை மழையிற் கரைப்பதாகும். சிறு பங்குகளாகப் பிரித்து இட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் விடல் வேண்டும். சிப்பித் துகள் கலந்த இடங்களில் மண் காரத்தன்மை உடையது. அங்கே மூடாமல் விட்ட யூரியா ஆவியாகவும் போய்விடும். அத்தகைய மண்ணில் இளம் இலைகள் நரம்பிடையே மஞ்சளாவது பெரும்பாலும் இரும்புக் குறைவால். அதற்கு மேலும் யூரியா இடுவதால் பயனில்லை.

கீழிறங்கிய நீரும் பசளையும் மறைந்துபோவதில்லை. மாரிமழை மணலில் ஊறி, தீவின் அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே இலேசானது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. அதே கணக்கு மறுபுறமும் செல்லும்: கிணற்று மட்டம் நெடுங்காலம் ஓரடி தாழ்ந்தால், உவர்நீர் பல அடி மேலேறும். ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய 20,000 லீற்றர். இதனை ஆழமான ஒரே கிணற்றிலிருந்து இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைப்பதிலும், ஆழங்குறைந்த அகன்ற கிணறுகள் இரண்டிலிருந்து காலையும் மாலையும் மெல்ல இறைப்பது நன்று. நைத்திரேற்றும் இந்நீரிலேயே சேர்கின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. மிகுமாயின், அந்நீரிற் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே முதலிற் கேடு. தோட்டக் கிணறே வீட்டுக் கிணறாகவும் உள்ள இடங்களில் இதை மறத்தலாகாது.

மணலைத் திருத்துவது சேதனப் பொருளே. மாட்டெரு, மக்கிய குப்பை, பூவரசங்குழை, பாத்தியின் அடியிற் புதைக்கும் பழைய பனையோலை ஆகிய யாவும் உதவும். கரையில் ஒதுங்கும் சாதாளையை ஒரு மாரிமழையில் உப்புக் கழுவவிட்டே இடல் வேண்டும். மீன்கழிவை மண்ணுடன் கலந்து மக்கவைத்தல் அவசியம். சூடான மணலில் இவை விரைவில் உக்கிப்போவதால் ஒவ்வொரு போகத்திற்கும் புதிதாக இடவேண்டியிருக்கும். சோளகக் காற்று மணலை வாரியிறைக்கும் ஓரங்களில் வடலிகளையும் அடம்பன் கொடியையும் அழிக்காது விடுதல் நன்று.

இம்மண்ணில் நன்மையும் உண்டு. மழை விட்ட மறுநாளே உழலாம். வேர் தடையின்றி இறங்குவதால் கச்சானும் மரவள்ளியும் நன்கு வளரும். மேல்மண்ணிற் சேரும் உப்பையும் நல்ல மாரி கழுவிவிடும்.

கிணறு உவர்ப்பதை நாக்கு உணருமுன் வெங்காயத் தாள் காட்டிவிடும். நுனி கருகத் தொடங்கினால் அக்கிணற்றில் இறைப்பைக் குறைத்து, நீரைச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். உவரைப் பெரிதும் பொறுக்கும் பீற்றூட்டை அடுத்த நடுகைக்குத் தெரிந்துகொள்ளலாம்.