தன்னோடு ஒட்டாத வரிசை

ரேடாரில் ஒரு பழைய இழுபறி உண்டு. தொலைவிலுள்ள விமானம் தெரிய வேண்டுமானால் துடிப்பு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போதிய ஆற்றல் போய்ச் சேரும். நீண்டால் தூரக் கணக்கு மங்கிவிடும். ரேடியோ அலை போய்த் திரும்பும் கணக்கில் 1 மைக்ரோ நொடி என்பது 150 மீட்டர். துடிப்பு 13 மைக்ரோ நொடி நீளமென்றால், ஒரே திசையில் ஒரு கிலோமீட்டர் முன்பின்னாக வரும் இரண்டு விமானங்களின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

இதற்குத் துடிப்பைத் துண்டுகளாக்கி, சிலவற்றில் மட்டும் அலையைத் தலைகீழாக்குகிறார்கள். நேரானது +1, தலைகீழ் −1. அனுப்பிய வரிசையின் நகலை எதிரொலியின் மேல் ஒவ்வோர் இடமாக நகர்த்தி, நேருக்கு நேர் நிற்பவற்றைப் பெருக்கிக் கூட்டுகிறது கருவி. அந்தக் கூட்டுத்தொகைதான் ஒட்டுறவு.

தாளில் போட்டுப் பாருங்கள்: + + + − +. சரியாகப் பொருந்தினால் 5. ஓரிடம் நகர்த்தினால் 1, 1, −1, −1, மொத்தம் பூச்சியம். அடுத்தடுத்து 1, 0, 1. ஐந்துமே + என்றால் 5, 4, 3, 2, 1 என்று மெல்லச் சரியும். உச்சி எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒற்றைக் கழித்தல் குறி இத்தனை செய்கிறது!

1953-ல் பார்க்கர் எழுதிய கட்டுரையால் இத்தகைய வரிசைகளுக்கு அவர் பெயர் வந்தது. நகர்த்தும்போது 1-ஐத் தாண்டாத வரிசைகளில் தெரிந்தவரை மிக நீளமானது 13. அதற்கு மேல் ஒற்றைப்படை நீளத்தில் கிடையாது என்பதை 1961-ல் டூரினும் ஸ்டோரரும் நிரூபித்துவிட்டார்கள். இரட்டைப்படைக்கு முழு நிரூபணம் இன்னும் இல்லை.

ஜிபிஎஸ்ஸுக்கு இது போதாது. அங்கே எல்லாச் செயற்கைக்கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. வரிசை தன் நகர்த்திய நகலோடு ஒட்டாமலிருப்பதோடு, பக்கத்துச் செயற்கைக்கோளின் வரிசையோடும் ஒட்டக்கூடாது. முழுமையை விட்டுக்கொடுத்து இதைச் சாதித்தவர் ராபர்ட் கோல்ட். 1967-ல் அவர் காட்டிய வழியில், பத்துப் படி நகர்வுப் பதிவேடுகள் (குறிகளை ஒவ்வோர் இடமாகத் தள்ளும் சுற்றுகள்) இரண்டின் வெளியீட்டைக் கலந்தால் 1023 நீள வரிசைகள் ஒரு பெரிய குடும்பமாகக் கிடைக்கும். பொருந்தினால் 1023, பொருந்தாதபோது −65, −1, 63 மட்டுமே. நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் பொதுச் சேவையும் L5, S அலைப்பட்டைகளில் கோல்ட் வரிசைகளைத்தான் பயன்படுத்துகிறது.

திறந்த வெளியில் அந்த 65 தொந்தரவு தராது. வீட்டுக்குள் கதை வேறு. சன்னல் வழியே நேராக வரும் செயற்கைக்கோள் அலையின் வீச்சு, சுவரைத் தாண்டி வருவதைப் போல் பதினாறு மடங்கு இருந்தால், வலுத்ததன் 65-ஐயே மெலிந்ததன் உச்சி என்று கருவி நம்பிவிடும்.