பத்து நாள் அக்கா

“அக்கா, நீங்க ஏன் டி.வி. நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுதீங்க?”

எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்ட இந்தக் கேள்விக்குத் தேவாலய முற்றமே சிரித்தது. நான் வந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செய்த குற்றம் ஒன்றுதான். “எல்லாரும் பசியாறிட்டீங்களா?” என்று கேட்டிருந்தேன். சிங்கப்பூரில் அம்மா தினமும் காலையில் கேட்கிற கேள்வி அது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கோ அது ஏதோ பழைய படத்து வசனம்போலக் கேட்டது. அடுத்த பத்து நாளும் என்னைக் கண்டாலே, “பசியாறிட்டீங்களாக்கா?” என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள்.

அந்த மே மாதம் என் ஆண்டு விடுப்பில் 12 நாளை ஒன்றாகச் சேர்த்து எடுத்திருந்தேன். அலுவலகத்தில் எல்லாரும் பாலியா, பேங்காக்கா என்று கேட்டார்கள். “நாசரேத் பக்கம் ஒரு கிராமம்” என்றேன். “இஸ்ரேலுக்கா?” என்றார் என் மேலாளர். இல்லை, நம் நாசரேத்துக்கு.

மதுக்கூடத்தில் தொடங்கிய பள்ளி

விடுமுறை வேதாகமப் பள்ளி என்று சொன்னால் அங்கே பிள்ளைகள் விழிப்பார்கள். ‘வி.பி.எஸ்.’ என்றால் கண் விரியும். தமிழ்நாட்டில் மே மாதம் பள்ளிகள் மூடியிருக்கும்போது, ஏறக்குறைய எல்லாச் சபைகளிலும் நடக்கும் பத்து நாள் காலை வகுப்பு இது. பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, சிற்றுண்டி, கடைசியில் ஊரைச் சுற்றி ஒரு பவனி.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1898ல் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைக் கண்ட ஹாவ்ஸ் என்ற பெண்மணி, அவர்களைக் கூட்டிவைக்க இடம் தேடினார். கிடைத்தது ஒரு மதுக்கூடம். அதைப் பகல் நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். சில ஆண்டுகளில் ராபர்ட் போவில் என்ற பாதிரியார் இதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பத்திரமான ஓர் இடம் வேண்டும் என்பதுதான் தொடக்கத் தேவை. நான் போன ஊரிலும் இன்றைக்கு அதே தேவைதான். அப்பா பனையேறப் போய்விடுவார். அம்மா பதநீர் காய்ச்சும் அடுப்படியில் இருப்பார். பதநீர்ப் பருவமும் பள்ளி விடுமுறையும் ஒரே நேரத்தில் வருகின்றன.

அந்த வட்டாரத்துக்கும் கிறிஸ்துவத்துக்கும் இருக்கும் தொடர்பு நீண்டது. 1799ல் உருவான முதலூர், வானளாவிய கோபுரத்தோடு நிற்கும் மெஞ்ஞானபுரம் ஆலயம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்து அடக்கமான இடையன்குடி எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. என் தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறியதும் அந்தச் செம்மண்ணிலிருந்துதான். அவர் ஊரைப் பற்றிப் பேசியதைவிட அங்கிருந்து வரும் கருப்பட்டியைப் பற்றிப் பேசியதே அதிகம்.

எது என் வேலை, எது இல்லை

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. வெளிநாட்டவர் இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் போய்ச் சமயப் பிரசாரம் செய்ய அனுமதி இல்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். ஆகவே வேதாகமக் கதை, வசனம், ஜெபம் மூன்றும் உள்ளூர் ஆசிரியர்கள் கையில். பிள்ளைகளைக் கைகழுவ வைப்பது, விளையாட்டு, கைவேலை, ரஸ்னா கலக்குவது, பெருக்குவது ஆகியவை எங்களுக்கு. சிங்கப்பூரிலிருந்து போன நாங்கள் மூவரும் இதற்கு முதலிலேயே ஒப்புக்கொண்டோம்.

வகுப்பை நடத்தியவர் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. ஊரே அவரை ‘பெரிய டீச்சர்’ என்றுதான் அழைக்கும். எண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்; அவரோடு சேர்த்து நான்கு ஆசிரியர்கள். முதல் நாள் மாலை என் மனத்தில் இருந்ததை அவரிடம் கேட்டுவிட்டேன். “டீச்சர், நாங்க வந்த டிக்கெட் காச அனுப்பியிருந்தா இன்னும் பிரயோஜனமா இருந்திருக்குமோ?”

அவர் சிரிக்கவில்லை. “இருந்திருக்கும். பத்து நாள் சுண்டல் போட்டிருக்கலாம்” என்றார். பிறகு, “ஆனா சின்ன வகுப்புல நாப்பது பிள்ளைக்கு ஒரே ஆளு நிக்கா. வந்தது வந்திட்டீங்க, நாளைக்குக் காலையில எட்டரைக்கு அங்க நில்லுங்க” என்றார்.

ஓலையும் பசையும்

சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கைவேலைப் பொருள்கள் கொண்டுபோயிருந்தோம். பஞ்சுபோன்ற ஒட்டுப்படங்கள், மினுமினுப்புத் தூள், பசைக் குச்சிகள். மே வெயிலில் பசை உருகிக் கூழாகிவிட்டது. ஒட்டுப்படங்கள் ஒட்ட மறுத்தன. இரண்டாம் நாளே பெட்டி காலி. மூன்றாம் நாள் என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமி எழுந்து போய் ஒரு கட்டுப் பனங்குருத்தோலையோடு வந்தாள்.

“நா சொல்லித் தாரேன்க்கா.”

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னிப் பழகிய விரல்கள். ஓலைக் காற்றாடி, கிலுக்கு, சின்னப் பெட்டி எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் பின்னிய முதல் காற்றாடி சுற்றவே இல்லை. அவள் அதைப் பிரித்து, மடிப்பைத் திருத்தி, “இங்கன பிடிக்கணும்” என்று என் கையில் திரும்பக் கொடுத்தாள். அன்றிலிருந்து கைவேலை வகுப்பில் அவள்தான் டீச்சர். என் தமிழையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் ‘நிற்கிறார்கள்’ என்றால் ‘நிக்காவ’ என்று திருத்துவாள்.

நான் செய்த தவறு

ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் தனியாக அழைத்து, என் பையில் இருந்த 24 நிற வாட்டர் கலர் பெட்டியைக் கொடுத்தேன். பிரியத்தில் கொடுத்ததுதான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமை. யாருக்கும் தனியாகப் பரிசு கொடுக்கக் கூடாது என்று பெரிய டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு பெட்டிதானே என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை.

பதினொரு மணிக்கு அவளுடைய அம்மா வந்தார். அடுப்படியிலிருந்து நேரே வந்திருப்பார் போலும். சேலையில் கருப்பட்டி வாசம். பெட்டியை என் முன்னால் வைத்தார். கோபமாகப் பேசவில்லை.

“எல்லாப் பிள்ளைக்கும் குடுத்தா இவளும் வாங்கிக்கிடுவா. இவளுக்கு மட்டும் எதுக்கும்மா? நேத்து ராத்திரி பூரா பெரியப்பா மக்ககூடச் சண்டை. இன்னைக்கு யாரும் இவகூட விளையாட வரலையாம். நீங்க பத்து நாள்ல போயிருவீங்க. இவ இங்கதான இருக்கணும்?”

எனக்குப் பதில் வரவில்லை. நியூஸ் வாசிக்கிற தமிழும் வரவில்லை. “மன்னிச்சிருங்கக்கா” என்று மட்டும் சொன்னேன்.

பெரிய டீச்சர் பெட்டியை எடுத்து வகுப்பு அலமாரியில் வைத்தார். மூடியில் ‘வி.பி.எஸ். பொது’ என்று எழுதினார். அன்று மதியமே அந்த அம்மாவோடு வீடு வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார். ஏழாம் நாள் காலை சிறுமி வந்தாள். என்னைப் பார்க்காமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுடைய பெரியப்பா மகள் பக்கத்தில் போய் உட்கார அரை மணி நேரம் ஆனது. என்னிடம் அவள் மறுபடி பேச இன்னும் ஒரு நாள் ஆனது.

கொடைக்கு லீவு

வந்த பிள்ளைகளில் எல்லாரும் கிறிஸ்துவர்கள் இல்லை. பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் பெரிய டீச்சர் முன்னதாகவே வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தார். என்ன பாட்டு, என்ன கதை என்று சொல்லி, சம்மதம் கிடைத்த பிறகுதான் பெயர் எழுதினார். ஜெப நேரத்தில் வெளியே விளையாட விரும்பும் பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

எட்டாம் நாள் அம்மன் கோயில் கொடை. பத்தரைக்கே மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் பிள்ளைகளின் கால்கள் தரையில் நிற்கவில்லை. பெரிய டீச்சர் மணியை அடித்தார். “போங்க, போங்க. வெயில்ல நிக்காதீங்க.” அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். மாலையில் எங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு தூக்குவாளியில் பொங்கல் வந்தது.

“அடுத்த வருஷம் வருவீங்களாக்கா?”

கடைசி நாள் காலை பவனி. காகிதக் கொடிகள், கோஷங்கள், செம்மண் புழுதி. மாலையில் ஆலயத்தில் நிகழ்ச்சி. பனையேறிவிட்டு வந்த அப்பாக்கள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பின்பக்கம் நின்றார்கள். பத்து நாளும் வாய் திறக்காத ஒரு சின்னப் பையன் மேடையேறி முழு வசனத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்கினான். என்னைக் கிண்டல் செய்த பையனுக்கு விளையாட்டில் முதல் பரிசு.

கிளம்பும்போது அந்தக் கேள்வி வந்தது. அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்றும் பெரிய டீச்சர் முன்பே எச்சரித்திருந்தார். “வாரேன்னு சொல்லிராதீங்க. இதுக வாசல்லயே நிக்கும்.” ஆகவே, “லீவு கிடைச்சா வருவேன். கிடைக்கலன்னா டீச்சர்கிட்ட சொல்லிவிடுறேன்” என்றேன். சிறுமி தலையாட்டினாள். அவளுடைய அம்மா என் கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி வைத்தார். வாங்கலாமா என்று பெரிய டீச்சரைப் பார்த்தேன். “அது வாங்கலாம்” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு

திரும்பி வந்த பிறகு நண்பர்கள் பலர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

முதலில் விசா விதிகளைத் தூதரகத்திடமே கேளுங்கள். “எல்லாரும் இப்படித்தான் போறாங்க” என்ற பேச்சை நம்ப வேண்டாம். நீங்கள் சிக்கினால், உங்களை அழைத்தவர்களும் சிக்குவார்கள்.

ஆண்டு முழுவதும் பிள்ளைகளோடு இருக்கும் உள்ளூர் ஆட்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கு மட்டும் போங்கள். நாம் திரும்பிய மறுநாளும் அது நடக்க வேண்டும். ஆதரவற்றோர் இல்லங்களுக்குச் சில நாள் போய் வருவதைப் பற்றி இன்னும் கவனம் தேவை. கம்போடியாவில், குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்று ஒரு பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது. பார்வையாளர் பணத்துக்காகவே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கும் இல்லங்கள் அங்கே இருந்தன.

எந்தப் பிள்ளையோடும் தனியறையில் தனியாக இருக்காதீர்கள்; இன்னொரு பெரியவர் எப்போதும் பார்வையில் இருக்க வேண்டும். இந்தியாவில் பிள்ளைகளைப் பாதுகாக்க 2012ல் இயற்றிய போக்சோ சட்டம் இருக்கிறது. உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடாதீர்கள். நம் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

கொடுக்க விரும்புவதை நடத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கு, எப்போது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பச்சை தீர்ந்துவிட்டது

அடுத்த ஆண்டு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஏப்ரலிலேயே பெரிய டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி, பிள்ளைகளிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். மே மாத நடுவில் அவருடைய எண்ணிலிருந்து ஒரு பதிவு வந்தது. பின்னணியில் ஒரே கூச்சல். நடுவே தெரிந்த குரல் ஒன்று:

“அக்கா, பசியாறிட்டீங்களா? பெயிண்ட் பெட்டியில பச்சை மட்டும் தீந்துபோச்சு. எல்லாரும் பனைமரமே வரையிறாவ. வேற கலரெல்லாம் அப்படியே இருக்கு. வரும்போது பச்சை மட்டும் போதும்.”

இந்த மே மாதம் விடுப்பு கிடைத்துவிட்டது. பச்சை வண்ணக் குழாய்கள் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.